கனடா, லண்டன் ஊர்ச் சங்கங்களுக்கு: டெப் வந்தது சரி, டேட்டாவுக்கு என்ன செய்வது?

அன்புள்ள அண்ணாமார், அக்காமாருக்கு,

நீங்கள் அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. 11 டெப் (டேப்லெட்), 4 மடிக்கணினி. சனசமூக நிலையத்தில் வைத்துப் படம் எடுத்து வட்ஸ்அப் குழுவில் போட்டோம், நீங்களும் ஹார்ட் போட்டீர்கள். படத்தில் தெரியாத மிச்சக் கதை ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்த மடல், கோபிக்க வேண்டாம்.

11 டெப்பில் இரண்டுக்கு பட்டரி வீங்கி திரை எழும்பி நின்றது. மூன்றில் பழைய சொந்தக்காரரின் கணக்கு கழற்றப்படவில்லை. அதில் ஒன்று நல்ல ஐபேட், கீறல்கூட இல்லை, திறந்தால் 'ஜே' என்று ஓர் எழுத்து, பிறகு புள்ளி புள்ளியாக ஒரு ஈமெயில், அதற்குக் கடவுச்சொல் கேட்கிறது. டவுனில் இரண்டு போன் கடைக்காரரிடம் காட்டினேன், இருவரும் கையை விரித்துவிட்டார்கள். மடிக்கணினிகளின் பிளக் கனடாவின் தட்டைப் பின், அதற்குக் கொன்வேர்ட்டர் வாங்கினோம், அது பெரிய விசயமில்லை.

மிச்சம் ஆறு டெப்பையும் யாழ்ப்பாணத்து மல்லாகம் பக்கத்து முகாம் பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். 1990 ஜூனில் போரால் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடிவந்த சனத்தின் பேரப்பிள்ளைகள். (சட்டப்படி இவர்கள் அகதிகள் இல்லையாம், 'உள்ளக இடம்பெயர்ந்தோர்' என்று எழுதவேண்டுமாம். ஊரில் எல்லோரும் சொல்வது அகதி முகாம் என்றுதான்.) அங்குள்ள மயிலிட்டித் துறைமுகம் 2017 இல் இராணுவத்திடமிருந்து விடுபட்டது, ஆனாலும் பலாலிப் பக்கம் காணி இன்னும் வராத குடும்பங்கள் உண்டு.

ஓ.எல் (சாதாரண தரப் பரீட்சை) எடுக்கப்போகும் ஒரு பிள்ளை கணக்குப் பாட வீடியோவை ஓடவிட்டு, ஆசிரியர் பலகையில் எழுதி முடித்த இடத்தில் நிறுத்தி, அதைக் கொப்பியில் அவசர அவசரமாகப் பார்த்து எழுதுகிறாள். விளக்கத்தைக் கேட்பதில்லை, கேட்டால் டேட்டா முடிந்துவிடும். தாய் தோட்டக் கூலிக்குப் போகிறவர், கூலி கிடைத்த நாளில்தான் ரீலோட். நான் போனபோது டெப்பின் மேல் தேங்காய்ப்பூத் துவாய் போர்த்திக் கிடந்தது, ஒரு கிழமையாக டேட்டா இல்லையாம்.

இது எங்கள் முகாமின் கதை மட்டுமில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பு 2016 இல் வெளியிட்ட அறிக்கையில், அகதிக் குடும்பங்களில் நூற்றுக்கு 29 குடும்பத்திடம் போனே இல்லை, இணையத்துக்காகக் கையிலுள்ள செலவுக் காசில் மூன்றில் ஒரு பங்குவரை கொடுக்கிற சனமும் இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். உங்களுக்கு இது விளங்கும். கரண்டும் இல்லை, பட்டரிக்கும் தடை என்றிருந்த போர்க்காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட ஆட்கள்தானே நீங்கள். வெளிநாட்டில் போய் இறங்கியவுடன் ஓடிப்போய் வாங்கியதும் போன் கார்ட்தான்.

ஆகவே அடுத்த பெட்டிக்குச் சேர்க்கும் காசில் பாதியை மாதாமாதம் இணையக் கட்டணமாகத் தாருங்கள். முகாமுக்குள்ளேயே ஒரு பொது றூட்டர் வைத்தால் பின்னேரம் நாலு மணியிலிருந்து எல்லாப் பிள்ளைகளும் படிக்கலாம். அங்கே லைன் எடுக்கப் போனால் கம்பனி வதிவிட உறுதியும் கரண்ட் பில்லும் கேட்கிறது. காணி தனியாருடையது, பில் காணிக்காரரின் பெயரில், அடையாள அட்டையில் இருப்பதோ போகமுடியாத ஊரின் விலாசம். அதனால் சங்கத்தின் பெயரில் எடுக்கவேண்டும், கையெழுத்துப் போட இங்கே ஆள் இருக்கிறது, மாதக் காசுதான் இல்லை. திருத்துகிற பெடியன் ஒருவனுக்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள், பழுதான டெப் இரண்டும் மேசைக்குக் கீழேதான் கிடக்கின்றன.

சாமான் அனுப்பத்தான் போகிறீர்கள் என்றால், பெட்டியில் போடுமுன் அதில் இருக்கிற உங்கள் கணக்கைக் கழற்றிவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

'ஜே' யாரோ, இதை வாசித்தால் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். உங்கள் ஐபேட் என் அலுமாரியில் பத்திரமாக இருக்கிறது.