கடைசி எபிசோடைப் பாத்துருங்ணா

அன்புள்ள அண்ணா,

பொங்கல் வந்தால் இது ஞாபகம் வந்துவிடுகிறது. 2022 ஜனவரி 14, தைப்பொங்கலன்றுதான் ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற விண்வெளிக் கதை சீரியலின் கடைசி எபிசோடு வந்தது. மொத்தம் 62. நீங்க 61-ஓடு நிறுத்திக்கிட்டீங்க. “அது வேண்டாங்ணா, லக்கோனியாங்கிற அந்தப் புது கிரகத்துக் கதையை அந்தரத்துல விட்டுட்டுப் போயிட்டாங்க” என்று சொன்னது நான். சொன்னது தப்பு.

தப்புதான், ஆனால் காரணமில்லாமல் சொல்லவில்லை. இரண்டாவது, மூன்றாவது சீசனுக்குத் தலா 13 எபிசோடு கொடுத்தவர்கள் கடைசிக்குக் கொடுத்தது 6. அதிலேயே நேரம் ஒதுக்கி, லக்கோனியாவில் இருக்கும் சிறுமி காராவையும் செத்துப் பிழைத்த அவள் தம்பியையும் காட்டிவிட்டு, ஒரு பதிலும் சொல்லாமல் முடித்தால் எரிச்சல் வராதா? புத்தகங்களோடு வைத்துப் பார்த்தபிறகுதான் விளங்கியது. நாவல்கள் 9, சீரியல் வந்து நின்றது ஆறாவதில். ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே கதை சுமார் 30 வருடம் தாண்டுகிறது. அதே முகங்களை வைத்து உடனே தொடர முடியாத இடம். நிறுத்துவதென்றால் அங்கேதான் நிறுத்த வேண்டும்.

வில்லன் மார்க்கோ ஒழிந்தான் என்று மட்டும் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. நம் தோட்டத்து டிரான்ஸ்ஃபார்மரை நினைச்சுக்குங்க. மும்முனைக் கரண்ட் வந்ததும் ஆளாளுக்கு 10 எச்பி மோட்டாரைப் போடுவார்கள். எந்த மோட்டாரிலும் கோளாறு இல்லை. எல்லாம் சேர்ந்து லோடு அளவு மீறும்போது பீஸ் போகிறது. கப்பல்கள் வேறு நட்சத்திரங்களுக்குக் கடந்துபோகிற வளையவாசலும் அப்படித்தான். அடுத்தடுத்துக் கடக்கும் கப்பல்களின் எடையும் ஆற்றலும் சேர்ந்து ஓர் அளவைத் தாண்டினால் உள்ளே இருப்பவை விழித்துக்கொள்ளும். அந்நேரம் கடக்கிற கப்பல் போய்ச் சேராது. காணாமல்போன கப்பல்களின் பதிவுகளை வைத்து அந்த அளவைக் கண்டுபிடித்தவள் நவோமி, மார்க்கோவின் பழைய காதலி. மார்க்கோவின் கப்பல் பெல்லா வாசலுக்குள் நுழைகிற நேரம் பார்த்து லோடை ஏற்றுவதும் அவள் யோசனைதான்.

பெல்லாவில் தன் மகன் ஃபிலிப்பும் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அதைச் செய்கிறாள்.

கடைசி சீசனின் மூன்றாவது எபிசோடில், நவோமியின் துணைவன் ஹோல்டன், பெல்லாவை நோக்கிப் போன டார்பிடோவைச் செயலிழக்க வைத்தானே, ஃபிலிப் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு? “ஒரு பையனுக்காக எத்தனை பேரைச் சாகக் கொடுப்பான்” என்று கத்தினீங்க. அப்போது நானும் உங்கள் பக்கம்தான். கடைசி எபிசோடு தெரிந்தபிறகு அந்த டார்பிடோவை வேறு மாதிரித்தான் பார்க்க முடிகிறது. அவளுக்காக அவன் செய்யாமல் விட்டதை அவளே தன் கையால் செய்து முடிக்கிறாள். ஹோல்டனைக் கோழை என்று நீங்க சொன்னதும் சரியில்லை, நான் தலையாட்டியதும் சரியில்லை.

மகன் பேச்சு உங்களுக்கு எங்கே போய் வலிக்கும் என்று தெரியும். நாலு பேர் படிக்கிற இடம், அதை இங்கே எழுதமாட்டேன். ஆனால் ஒன்று கேட்கணும். அவன் விஷயத்தில் எத்தனை தடவை சொல்லியும் காதில் போட்டுக்காத நீங்க, ஒரு எபிசோடை வேண்டாம் என்றதை மட்டும் எப்படி உடனே கேட்டீங்க?

சரி, விடுங்க.

பெல்ட்டர்களின் கப்பல் தலைவி டிரம்மருக்காகவாவது பாருங்க. போக்குவரத்துச் சங்கத் தலைவர் பதவியை ஏற்ற கையோடு ஹோல்டன் ராஜினாமா செய்து அவளிடம் கொடுக்கிறான். 1,300-க்கும் மேல் புது உலகங்கள் திறந்தாச்சு, ஆனால் சிறுகோள் பட்டையில் குறைந்த ஈர்ப்பில் வளர்ந்த பெல்ட்டர்களின் எலும்பு அந்த மண்ணில் நிற்காது. வாசல் போக்குவரத்து அவர்கள் கையில் இருந்தால்தான் பிழைப்பு. ஊர் ஊராகப் போய், அடுத்தவர் காட்டில் ஆயிரம் அடி இறக்கி, தண்ணி வந்ததும் ராடைக் கழட்டிக்கொண்டு கிளம்புகிற திருச்செங்கோட்டு ரிக்கில் இருந்த உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பையன் பெல்லாவில் இருந்தானா என்பதை மட்டும் எழுதாமல் விடுகிறேன். நவோமிக்கும் அது கடைசிவரை தெரியாது. பார்க்கிற நமக்குத் தெரியும். ஒரே ஒரு பெயரைக் கவனிச்சுப் பாருங்க, போதும்.

மாட்டுப்பொங்கலுக்கு வண்டி ஷெட்டில்தானே நிற்கும். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, தனியா உட்கார்ந்து பாருங்க.