கிரீடம் செய்கிறவரும் முகமில்லாத துரையும்

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். தங்கச்சியும் பிள்ளைகளும் சுகம்தானே? கோத்தகிரியில் குளிர் எப்படி என்று கேட்க மாட்டேன். இங்கே இலங்கை மலையகத்தில், டிக்கோயாத் தேயிலைத் தோட்டக் குளிரில் வளர்ந்தவனுக்கு அதெல்லாம் ஒரு குளிரா?

மன்மதன் எரிந்த கதையை ஆடும் நம் காமன் கூத்து இந்த வருடம் நடந்ததா என்று கேட்டிருந்தாய். நடந்தது. மாசி அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றினார்கள். ரதி வேஷம் கட்டிய பையன் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவன். முதலாளி லீவு தரமாட்டார் என்று தெரிந்ததும் பாட்டி செத்துப்போனாள் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டான். பாட்டியோ காமன் பொட்டலில் முன்வரிசையில் வெற்றிலையை மென்றுகொண்டு, பேரன் அடவு தவறும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

கூத்தைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிரீடத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கூத்து மாஸ்டர் வீட்டில் ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்து அவர் கிரீடம் செய்வதைப் பார்த்தேன். முன்பு தேயிலையை மரப்பெட்டியில் அடைத்து அனுப்பிய காலத்தில், பெட்டிக்குள் வெள்ளித்தாள் போட்டிருப்பார்களே, அதில் கொஞ்சத்தை மடித்து டிரங்குப் பெட்டியின் அடியில் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். இப்போது தேயிலை காகிதப் பைகளில் போகிறது, அந்தத் தாள் கிடைப்பதில்லை. அதனால் பழைய தாள் நெற்றிக்கு மட்டும். பக்கவாட்டுக்கெல்லாம் பிஸ்கட் பாக்கெட்டின் உள்பக்கம். மை தீர்ந்த பேனா முனையால் பின்புறம் அழுத்தி அழுத்திப் பூ வேலை செய்கிறார். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் கசக்கி மறுபடி விரித்தார். நல்ல தாளை ஏன் கெடுக்கிறீர்கள் என்று கேட்டேன். “பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் எல்லாத் தாளும் மின்னும் தம்பி. இந்த வெள்ளை பல்பு தகரம் மாதிரி காட்டிக்கொடுத்துவிடும். சுருக்கம் இருந்தால்தான் ஆடும்போது ஒளி ஓடும்” என்றார். ஏறக்குறைய முடிந்திருந்த ஒரு கிரீடத்தைப் பையன் தலையில் வைத்துப் பார்த்தார். முகத்தை விழுங்குகிறது என்று சொல்லி, ஒட்டியதை எல்லாம் பிரித்துவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

இதைப் பார்த்த பிறகு, பாமர மக்களின் கலை தன்னையறியாமல் பீறிட்டு வருகிறது என்று யாராவது மேடையில் பேசினால் கோபம் வருகிறது. எது பீறிட்டது? அந்த மனிதர் ஒரு மாலை முழுவதும் வெளிச்சத்தோடும் ஒரு பையனின் முகவெட்டோடும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

மகள் ஒரு படப் புத்தகம் அனுப்பியிருந்தாள். பள்ளியில் ஓவியம் படிக்காதவர்கள், சிறையிலும் மனநல மருத்துவமனையிலும் இருந்தவர்கள் செய்த கலைக்கு 1945-இல் ஒரு தனிப்பெயரே வைத்துச் சேகரித்தாராம் துபுஃபே என்ற பிரெஞ்சு ஓவியர். அந்த நாட்டிலேயே அவருக்கு முன்பு ஷெவால் என்று ஒரு தபால்காரர். கடிதம் கொண்டுபோகும் வழியில் கல் பொறுக்கி, 1879-இல் தொடங்கி 33 வருடம் தனியாளாக ஒரு மாளிகை கட்டியிருக்கிறார். ஊர் சிரித்திருக்கிறது. 1969-இல் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது, அவர் செத்து நாற்பது வருடத்துக்கும் மேல் ஆன பிறகு!

நம் மாஸ்டரை அந்த வரிசையில் சேர்க்க முடியாது. ஷெவால் தனியாள். மாஸ்டருக்கோ தோட்டம் முழுவதும் விமர்சகர்கள். கிரீடம் ஒரு விரல் சாய்ந்தாலும் கிழவிகள் சும்மா விடுவார்களா? அந்த வரிசைக்கு நம் பக்கத்து டிவிசனில் ஒருவர் இருக்கிறார். ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் சரிவில் சிமெந்தும் கம்பியும் உடைந்த கோப்பைத் துண்டுகளும் வைத்து உருவங்கள் செய்து நிறுத்தியிருக்கிறார். கொழுந்துக் கூடை ஆளைவிடப் பெரிதாக ஒரு பெண். குதிரை மேல் ஒரு துரை. தொப்பி இருக்கிறது, முகம் இல்லை. ஏன் என்று கேட்டேன். “நான் எங்கே முகத்தைப் பார்த்தேன்? தொப்பி தெரிந்தவுடனே குனிந்துவிடுவோமே” என்றார். பிள்ளைகள் அவரைப் பைத்தியம் என்கிறார்கள். மருமகள் துணி காயப்போட இடமில்லை என்று திட்டுகிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எனக்குக் கவலை வேறு. அந்தச் சரிவு தோட்டத்துக்குச் சொந்தம். ஒரு நாள் எடுத்துவிடு என்று சொன்னால் எடுக்க வேண்டியதுதான். சண்டிகரில் நேக் சந்த் என்ற ரோடு இன்ஸ்பெக்டரும் அரசாங்க நிலத்தில்தான் திருட்டுத்தனமாக, 1957 முதல், உடைந்த வளையலும் பீங்கானும் வைத்துச் சிலை செய்துகொண்டிருந்தாராம். கண்டுபிடித்தவர்கள் இடிப்பதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் 1976-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டு, அவருக்கே சம்பளமும் ஆட்களும் கொடுத்தார்கள். இங்கே யார் யோசிப்பார்கள்? முதலில் நல்ல படங்களாவது எடுத்துவைப்போம் என்று தம்பி மகனிடம் சொல்லியிருக்கிறேன். படத்தின் கீழே செய்தவர் பெயரைப் போட வேண்டும், அவர் சம்மதித்தால். அவரிடம் கேட்டதற்கு, “பெயர் எதற்கு, சிமெந்து ஒரு மூட்டை வாங்கிக் கொடு” என்றார். வாங்கிக் கொடுத்தேன்.

தப்பு மேளம் அடிக்கிறவர்கள் விஷயம் இன்னும் மோசம். போன மாதம் டவுனில் ஒரு கலாசார விழா. விருந்தினர் காரிலிருந்து இறங்கி மேடைக்கு ஏறும் வரை தப்பு அடிக்கச் சொன்னார்கள். மொத்தம் ஐந்து நிமிடம். அதற்காக அவர்கள் காலையிலிருந்து மண்டபத்தின் பின்புறம் மிலாறு, அதுதான் கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி, எரித்துத் தோலைக் காய்ச்சிக்கொண்டு நின்றார்கள். நம் மூடுபனியில் தோல் எவ்வளவு சீக்கிரம் தொய்ந்துவிடும் என்று உனக்குத் தெரியும். சாப்பாடு கடைசிப் பந்தியில். பாட்டன் காலத்தில் பிரட்டுக்கு, காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, கூப்பிட அடித்த தப்பு, இப்போது வரவேற்புக்கு. பையன்கள் இதைக் கையில் எடுக்கக் கூச்சப்படுகிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள், அந்தக் கூச்சத்தை யார் ஊட்டியது என்று சொல்ல மாட்டார்கள். சாதி பெயரைச் சொல்லி ஒதுக்கியவர்களே இன்று ‘நமது பாரம்பரியம்’ என்று மைக்கில் முழங்குகிறார்கள்.

இனி உன்னிடம் ஒரு வேலை. நீங்கள் தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது உன் அப்பா தப்பைத் துணியில் சுற்றி எடுத்துப்போனாரே, அவர் காமன் கூத்தில் எமன் வரவுக்கு அடித்த அடி உனக்கு நினைவிருக்கிறதா? இங்கே அதை முழுவதும் தெரிந்தவர் இல்லை. நடுவில் ஒரு துண்டு விட்டுப்போகிறது என்று மாஸ்டர் புலம்புகிறார். உனக்கு வராவிட்டால் அங்கே போன நம் ஆட்களில் யாரையாவது பிடித்து, மகனிடம் சொல்லி ஃபோனில் பதிவு செய்து அனுப்பு. மெதுவாக ஒரு முறை, கூத்து வேகத்தில் ஒரு முறை. அடித்தவர் பெயரையும் ஊரையும் மறக்காமல் எழுது. மாஸ்டர் கட்டாயம் கேட்பார்.

அன்புடன்,
உன் மச்சான்