மலிவு விலை ஃபேர்வே வுட் கோல்ஃப் மட்டையில் மாற்று ஷாஃப்ட் (தண்டு): பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோல்ஃப் பொருள் விற்பனைக் கடை, கோலாலம்பூர்.

பொருள்: 5-ஆம் எண் ஃபேர்வே வுட், ரெகுலர் ஷாஃப்ட், புதியது என்று விற்கப்பட்டது குறித்து

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் கடையில் வாங்கிய இரண்டு ஃபேர்வே வுட்களில் 7-ஆம் எண் அருமையாக இருக்கிறது. 5-ஆம் எண், நீங்கள் சொல்லி விற்ற பொருளே இல்லை. இரண்டுக்கும் விலை ஒன்றுதான், தலா 460 வெள்ளி (ரிங்கிட்). ஆகவே மலிவாக வாங்கிவிட்டு அப்புறம் குறை சொல்கிற ஆள் என்று இந்தக் கடிதத்தை ஓரமாக வைத்துவிட வேண்டாம். அந்த விலைக்கு நல்ல மட்டை கொடுக்க முடியும் என்பதற்கு உங்கள் 7-ஆம் எண்ணே சாட்சி.

இதை முன்பே தெரிவித்தபோது உங்கள் சேவைப் பிரிவு பதிலாக அனுப்பிய மின்னஞ்சலில், வாடிக்கையாளர் ஷாஃப்ட் வகையைக் குறிப்பிட்டுக் கேட்கவில்லை என்று ஒரு வரி இருக்கிறது. கேட்டேன். கவுண்டரில் இருந்த தம்பியிடம் நேரில் கேட்டேன், பிறகு வாட்ஸ்அப்பிலும் எழுதிக் கேட்டேன். என்ன கேட்டேன், எதற்காகக் கேட்டேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். அதைப் படித்தால், ஷாஃப்ட் எப்படி இருந்தாலும் சரி என்று நினைக்கக்கூடிய ஆள் நான் இல்லை என்பது உங்களுக்கே புரியும்.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கடையில் இருக்கும் கருவியில் அளந்தபோதே டிரைவர் என்கிற நீள மட்டையை நான் வீசும் வேகம் மணிக்கு 84 மைல் என்று காட்டியது. அதைப் பார்த்த பிறகும் தம்பி முதலில் எடுத்து நீட்டியது 3 வுட். "தூரம் போகும் அங்கிள், நல்ல தள்ளுபடியும் இருக்கு" என்றார். 3 வுட்டின் லாஃப்ட், அதாவது முகப்பின் சாய்வு, 15 டிகிரி அளவில் இருக்கும், நீளம் 43 அங்குலத்தை ஒட்டி இருக்கும். டீ என்கிற சின்ன முளையில் பந்தை வைத்து அடிக்க அது சரி. புல்லில் கிடக்கும் பந்தை அதை வைத்து எழுப்புவதற்கு வேகம் வேண்டும். என் வேகத்துக்குப் பந்து தாழ்வாகக் கிளம்பிச் சீக்கிரமே தரைக்கு வந்துவிடும். 18 டிகிரி உள்ள 5 வுட்டில் என்னைப் போன்றவர்கள் அதே தூரத்தை அடிக்கலாம், அதுவும் நேராக. கடைகளில் 3 வுட்தான் எப்போதும் தள்ளுபடியில் கிடக்கிறது. வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து அதைப் பற்றி நல்லதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நம் ஊர்த் திடலையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான் விளையாடுவது பினாங்கில், பெரும்பாலும் புக்கிட் ஜம்புல் பக்கம். மேடும் பள்ளமுமான இடம். மதியம் மழை பிடித்துவிட்டால் ஃபேர்வே என்கிற புல்வெளிப் பாதை ஊறிப் போகும். பந்து உருளாது, விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். பந்து விழுந்த பிறகு இருபது, முப்பது மீட்டர் ஓடுகிற வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து மட்டை தேர்ந்தெடுத்தால் இங்கே வேலைக்கு ஆகாது. காற்றில் எவ்வளவு போகிறதோ அதுதான் இங்கே தூரம். ஓரத்தில் இருக்கும் கவ் கிராஸ் என்கிற புல்லில் பந்து கொஞ்சம் உள்ளே இறங்கியே கிடக்கும், அங்கிருந்து எழுப்பவும் லாஃப்ட் வேண்டும். இதையெல்லாம் தம்பியிடம் சொல்லித்தான் 5, 7 இரண்டும் போதும் என்றேன்.

அடுத்து, வுட்டும் இரும்பு மட்டையும் கலந்த மாதிரியான ஹைபிரிட் காட்டினார். ஹைபிரிட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஷாஃப்ட் குட்டையாக இருப்பதால் பிடித்து அடிக்க எளிது. ஆனால் 7 வுட்டில் பந்து இன்னும் உயரமாகப் போய் மெதுவாக இறங்கும், குழி இருக்கும் கிரீனில் நிற்கும். "7 வுட் லேடீஸ் அடிக்கிறது அங்கிள்" என்று சிரித்தார். 2020-இல் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டியை ஜெயித்த டஸ்டின் ஜான்சனின் பையிலும் 7 வுட் இருந்தது என்று சொன்னேன். அதற்கு மேல் அவர் பேசவில்லை. நல்ல பிள்ளைதான், அவர் மேல் நடவடிக்கை எடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விற்பதற்கு முன் என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

விலை விஷயத்துக்கு வருகிறேன். பெயர் பெற்ற பிராண்டின் புது மாடல் ஃபேர்வே வுட் ஒன்று ஆயிரம் வெள்ளியைச் சுலபமாகத் தாண்டுகிறது. எனக்கு அது தேவையில்லை. ஃபேர்வே வுட்டின் தலை பெரும்பாலும் எஃகுதான். இரண்டு மூன்று வருடம் பழைய மாடலிலும் அதே எஃகு, ஏறக்குறைய அதே வடிவம். பெயிண்டும் பெயரும்தான் மாறியிருக்கும். ஆகவே பழைய மாடலைப் புதியதாக, பெட்டி பிரிக்காமல் வாங்குவது என்று முடிவு செய்திருந்தேன். அப்படி வாங்கும்போது நான்கு விவரம் சரியாகத் தெரிய வேண்டும்: லாஃப்ட், நீளம், ஷாஃப்ட்டின் எடை, ஃப்ளெக்ஸ் என்கிற அதன் வளையும் தன்மை. ஃப்ளெக்ஸ் எழுத்துக்குத் தொழில் முழுவதற்கும் பொதுவான அளவு எதுவும் கிடையாது. ஒரு கம்பெனியின் ஆர் (ரெகுலர்), இன்னொரு கம்பெனியின் எஸ் (ஸ்டிஃப், அதாவது விறைப்பானது) போல இருக்கும். அதனால்தான் "கம்பெனி போட்ட ஒரிஜினல் ஷாஃப்ட் தானே?" என்று அழுத்திக் கேட்டேன்.

7-ஆம் எண் கடையிலேயே இருந்தது. அடித்துப் பார்த்து வாங்கினேன். 5-ஆம் எண்ணில் ரெகுலர் ஷாஃப்ட் அன்று கையிருப்பில் இல்லை, வந்ததும் கூரியரில் அனுப்புவதாகச் சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டீர்கள். அனுப்பும் முன் உங்கள் கடை எண்ணிலிருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி இது: "18 டிகிரி, ரெகுலர், ஒரிஜினல் ஷாஃப்ட், புதுசு அங்கிள். இன்னைக்கு அனுப்புறோம்." படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

வந்த மட்டையில் ஹெட் கவர் புதியது. கிரிப் என்கிற கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை கூட இருந்தது. ஆனால் அடித்தால் பந்து தாழ்வாகக் கிளம்பி வலது பக்கமாக ஒதுங்கியது. 7-ஆம் எண்ணில் காற்றிலேயே 150 மீட்டரைத் தொடுகிறேன். 5-ஆம் எண் அதைவிடப் பத்துப் பதினைந்து மீட்டர் கூடப் போக வேண்டியது. ஆனால் 7-ஆம் எண் விழும் இடத்துக்கு முன்னாலேயே விழுந்தது. பையில் 14 மட்டைக்கு மேல் வைக்க விதி அனுமதிக்காது. அந்தப் பதினான்கில் 7-ஐவிடக் குறைவாகப் போகும் ஒரு 5-க்கு இடம் கொடுத்து நான் என்ன செய்வது?

பட்டர்வொர்த்தில் மட்டை பழுது பார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். லாஃப்ட் 18 டிகிரிதான், அதில் குறையில்லை, மறைக்க மாட்டேன். மற்றதெல்லாம் வேறு கதை. தலையும் ஷாஃப்ட்டும் சேரும் இடத்தில் இருக்கும் ஃபெரூல் என்கிற கறுப்பு வளையம் அந்த மாடலுக்கு உரியது இல்லை. அதன் விளிம்பில் பசை வழிந்து காய்ந்திருந்தது. நீளம் 41 அங்குலத்துக்குக் கொஞ்சம்தான் மேல். கம்பெனி அளவைவிட ஓர் அங்குலத்துக்குக் கிட்டக் குறைவு. அந்த மாடலின் ரெகுலர் ஷாஃப்ட் 60 கிராமுக்குள் இருக்க வேண்டும், இதில் போட்டிருப்பது 70 கிராமைத் தாண்டியது. அதிர்வை எண்ணும் கருவியில் வைத்துப் பார்த்து, இது ஸ்டிஃப், வெட்டியதால் இன்னும் விறைத்திருக்கிறது என்றார். அப்புறம், ஷாஃப்ட்டில் இருந்த ஆர் எழுத்து, மேலே ஒட்டிய ஸ்டிக்கர். அவர் நகத்தால் ஓரத்தைத் தூக்கியபோது அடியில் பழைய அச்சு மங்கலாகத் தெரிந்தது. பழைய காருக்கு வேறு நம்பர் பிளேட் மாட்டிய மாதிரி. முழுதாக உரிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நீங்களே உங்கள் கையால் உரித்துப் பாருங்கள்.

தலையின் முகப்பில் லேசான தேய்மானமும் இருக்கிறது. ஆக யாரோ அடித்துப் பழகிய தலையில், எங்கோ கிடைத்த ஷாஃப்ட்டைச் செருகி, புது கிரிப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். செகண்ட் ஹேண்ட் என்று சொல்லியே விற்றிருந்தால் எனக்குக் கோபமே இல்லை. பழைய மட்டைகளை வாங்கிச் சந்தோஷமாக விளையாடுகிறவர்கள் எங்கள் குழுவிலேயே இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அதற்குப் பழைய மட்டையின் விலையைத்தான் கொடுக்கிறார்கள்.

இதை உங்களிடம் சொன்னதற்கு வந்த பதிலில் இரண்டு காரணம் இருந்தது. ஒன்று, பந்தை அடித்துவிட்டதால் அது இப்போது பயன்படுத்திய பொருள், திரும்ப எடுக்க முடியாது. அடித்துப் பார்க்காமல் ஒரு ஷாஃப்ட் விறைப்பா இளக்கமா என்று எப்படித் தெரியும்? கடையிலேயே வலை கட்டி அடித்துப் பார்க்கச் சொல்லும் நீங்கள் இதைச் சொல்வதுதான் வேடிக்கை. இரண்டாவது, தள்ளுபடி விலைப் பொருளுக்கு மாற்றிக் கொடுக்கும் வசதி கிடையாது என்று ரசீதின் பின்னால் அச்சடித்திருக்கிறோம் என்பது.

ரசீதின் பின்னால் நீங்கள் என்ன அச்சடித்தாலும், 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தை அது மீற முடியாது. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தாலும் இந்தச் சட்டமே செல்லும் என்று அதன் 6-ஆவது பிரிவு சொல்கிறது. விற்கும் பொருள் வர்ணித்தபடி இருக்க வேண்டும் என்பது 34-ஆவது பிரிவு. புதியதல்லாததைப் புதியது என்று சொல்வது 10-ஆவது பிரிவில் வருகிறது. பொருளின் தரத்தைப் பற்றிப் பேசும் 32-ஆவது பிரிவு விலையையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். குறைந்த விலைக்கு வாங்கியவன் தங்கம் எதிர்பார்க்கக் கூடாது, சரி. நான் தரத்தைப் பற்றிப் புகார் சொல்லவே இல்லையே. வேறு பொருளை அனுப்பியிருக்கிறீர்கள் என்றுதான் சொல்கிறேன். அதற்கு விலை கூடினால் என்ன, குறைந்தால் என்ன?

எனக்கு வேண்டியது இதுதான். 5-ஆம் எண்ணுக்குக் கொடுத்த 460 வெள்ளியையும், கூரியர் கட்டணமாக வாங்கிய 18 வெள்ளியையும் திருப்பிக் கொடுங்கள். மட்டையை உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, அதே மாடலில் கம்பெனி ரெகுலர் ஷாஃப்ட்டோடு பெட்டி பிரிக்காத 5-ஆம் எண் உண்மையிலேயே உங்களிடம் இருந்தால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அனுப்பும் முன் ஷாஃப்ட்டின் எடை, நீளம், ஃபெரூல் மூன்றும் தெரியும்படி படம் வேண்டும். பற்றுச்சீட்டு (வவுச்சர்) கொடுத்து வேறு பொருள் எடுத்துக்கொள்ளச் சொல்வதில் எனக்கு விருப்பம் இல்லை.

இன்னொன்று, இது எனக்காக இல்லை. உங்கள் தள்ளுபடி அலமாரியில் தொங்கும் சீட்டுகளில் விலையும் எண்ணும் மட்டும்தான் இருக்கின்றன. மாடல் வந்த வருடம், லாஃப்ட், ஷாஃப்ட்டின் எடை, ஃப்ளெக்ஸ், ஷாஃப்ட் மாற்றியதா இல்லையா, இவ்வளவையும் அதே சீட்டில் எழுதலாம். ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி மட்டைக்கு அழகான அட்டையில் இதையெல்லாம் அச்சடித்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்குகிறவருக்குப் பக்கத்திலேயே நின்று அளந்து சொல்லவும் ஆள் இருக்கிறது. விவரம் அதிகமாகத் தேவைப்படுவது, ஆள் துணை இல்லாமல் தானே தேர்ந்தெடுக்கும் தள்ளுபடி அலமாரிக்காரருக்குத்தான்.

இரண்டு வாரத்துக்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுப்பேன். அதற்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞரும் தேவையில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே கேட்கிறார்கள். என்னுடையது ஐந்நூறு வெள்ளி கூட இல்லை. இவ்வளவு சின்னத் தொகைக்கு அலைவாரா என்று நீங்கள் கணக்குப் போட்டிருந்தால், ஓய்வு பெற்றவனுக்கு நேரம் நிறைய இருக்கிறது என்பதையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

ரசீதின் நகல், வாட்ஸ்அப் செய்தியின் படம், பழுது பார்த்தவர் அளந்து எழுதிக் கொடுத்த குறிப்பு, ஸ்டிக்கரின் ஓரம் தூக்கிய படம் ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். மட்டை அன்றைக்கு இருந்தபடியே இருக்கிறது, அதற்குப் பிறகு அதில் பந்து அடிக்கவில்லை. கூரியர்காரர் வருவதாக இருந்தால் முதல் நாளே செய்தி அனுப்புங்கள். காலையில் நான் திடலில் இருப்பேன்; மதியத்துக்கு மேல் வந்தால் வீட்டில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
பினாங்கு வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, ரசீது எண் ஆகியவை இணைப்பில் உள்ளன)