அந்த ஒரு கேள்வியைக் கேட்ட ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும்

நேற்று கிளினிக்கில் மகளுக்கு எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதயம் நல்லா இருக்கு, அஸ்பிரின் இனி வேண்டாம்" என்றார் டொக்டர். இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆறு வாரமாக மடலைத் தள்ளிப்போட்டேன். முதலிலேயே நன்றி சொல்லிவிட்டால் கண்பட்டுவிடுமோ என்று பயம். டீச்சருக்கும் அதெல்லாம் உண்டு.

2021 செப்டம்பர், நாடு பூட்டிக் கிடந்த நேரம். எட்டு வயது மகளுக்குக் காய்ச்சல். டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் தொண்டையைப் பார்த்து அன்டிபயோட்டிக் கொடுத்தார்கள். நான்காம் நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டாள். மறுபடி கொண்டுபோனால் அப்பெண்டிக்ஸ் என்றார்கள். அவர்களை ஏசி என்ன பயன்? இந்த நோய் அப்படித்தான் வேஷம் போடுமாம்.

தோட்டத்து டிஸ்பென்சரி ஐயா, அன்று மாலை நீங்கள் எங்கள் காம்பராவுக்கே வந்தீர்கள். கண் இரண்டும் சிவந்திருந்தது, ஆனால் பீளை இல்லை. உதடு வெடித்திருந்தது. டோர்ச் அடித்து நாக்கைப் பார்த்தீர்கள். அப்புறம் கேட்டீர்கள்: "டீச்சர், மூணு நாலு கிழமைக்கு முந்தி வீட்டுல யாருக்காச்சும் கொரோனா வந்துச்சா?"

வந்திருந்தது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே படுத்துக் கிடந்தன. மகளுக்கு இரண்டு நாள் மூக்கு வடிந்ததோடு சரி, நாங்கள் மறந்தே போனோம். இப்படிக் கொரோனா வந்து இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் சில பிள்ளைகளுக்கு உடம்பு முழுக்க அழற்சி வரும் (MIS-C என்பார்கள்) என்று இங்கிலாந்து டொக்டர்கள் கவனித்ததே 2020 ஏப்ரலில்தான். ஒன்றரை வருஷத்துக்குள் அந்தச் சேதி ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிவரை வந்திருக்கிறது. வந்ததைப் படித்து வைத்திருந்தீர்களே ஐயா!

நீங்கள் எழுதித் தந்த துண்டுச் சீட்டோடு டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு ஓடினோம். பிரஷர் இறங்கியிருந்ததால் ராவோடு ராவாக அம்புலன்ஸில் பேராதனை சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். கினிகத்தேனை வளைவுகளில் அவள் கையைப் பிடித்திருந்ததைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

வார்டில் டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். எனக்குப் பாதிதான் விளங்கியது. தாதி மிஸ்ஸி, நீங்கள் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னீர்கள்: "கள்ளன் போயிட்டான். காவலுக்கு வெச்ச நாய் இப்ப வீட்டு ஆளையே கடிக்குது. அதைக் கட்டத்தான் மருந்து." கள்ளன் கொரோனா, நாய் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. அந்த நாய் இதயத்தையும் கடித்திருந்தது. எக்கோவில் இதயம் பலமிழந்து துடிப்பதைக் காட்டினார்கள்.

மருந்து என்றால் இம்யூனோகுளோபுலின், அதாவது நோயெதிர்ப்புப் புரதம். கிலோவுக்கு 2 கிராம், 22 கிலோ பிள்ளைக்கு 44 கிராம். கூடவே ஸ்டீரொய்ட். போத்தலை நான் குலுக்கிக் கலக்கப் போனேன், "ஐயோ, நுரைச்சிரும்" என்று மெதுவாகக் கையைப் பிடித்தீர்கள். சொட்டுச் சொட்டாக ராத்திரி முழுக்க இறங்கியது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் பிரஷர், காய்ச்சல் பார்த்தீர்கள். நீங்கள் உட்கார்ந்து நான் காணவில்லை.

அந்த மருந்து ஆயிரக்கணக்கான பேர் கொடுத்த இரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து எடுப்பதாம். எந்த ஊர்க்காரர்களோ, முகம் தெரியாது. உங்களுக்கும் இந்த மடல் சேரட்டும்.

பக்கத்துக் கட்டில் கேகாலை அக்காவுக்குத் தமிழ் வாசிக்க வராது, யாராவது வாசித்துக் காட்டுங்கள். தன் பிள்ளைக்கு வைத்திருந்த சுடுதண்ணியில் பாதியை எங்களுக்கு ஊற்றியவர் அவர். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, மகள் ரொட்டியும் கட்டச் சம்பலும் கேட்டபோது என்னைவிட அதிகமாக அழுததும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு விரல் நுனித் தோல் உரிந்தது. பதறி மிஸ்ஸிக்குப் போன் எடுத்தேன். "உரியட்டும், அஸ்பிரினை மட்டும் நீங்களா நிப்பாட்டாதீங்க, அம்மை கிம்மை வந்தா உடனே சொல்லுங்க" என்றார். கிளினிக் கொப்பியின் அட்டையில் அதை எழுதி வைத்தேன்.

டிஸ்பென்சரி ஐயா அந்தக் கிழமையே லயம் லயமாகப் போய், காய்ச்சல் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரித்ததாகப் பெரியம்மா சொன்னார். என்னிடம் அதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை.

கடைசியாக ஆட்டோ தம்பி. டிக்கோயா போகும் வழியில் உன் சீட்டெல்லாம் வாந்தி. நாங்கள் விட்டுப்போன கம்பளியைத் துவைத்துக் காயவைத்து எங்கள் இஸ்தோப்பில் மடித்து வைத்திருந்தாய். பெட்ரோல் காசோடு வந்தால் ஆளைக் காணோம். ஐந்தாம் வகுப்பில் கணக்குக்காக உன்னை எத்தனை தடவை ஏசியிருப்பேன்! இன்னும் கணக்குப் பார்க்கத் தெரியவில்லை உனக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கோழி. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா.