மதினிக்கு: ஆடிக் காற்றில் ஓட்டியவர் ஆரியங்காவு ஏறமாட்டாரா?

அன்புள்ள மதினி,

ஆலங்குளத்தில் இருந்து தென்காசி வரைக்கும் சைக்கிளில் போய்விட்டு வந்தேன் என்று சாதாரணமாகச் சொன்னீர்கள். அடுத்த வரியிலேயே, "மலையெல்லாம் நமக்கு ஆகாது, அதுக்குக் கால்ல தெம்பு வேணும், வயசும் வேணும்" என்றீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதே நினைப்பில் சைக்கிளைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கும் பெண்கள் நம் பக்கத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

நீங்கள் ஓட்டியது ஆடி மாதம், அதுவும் மேற்குப் பார்த்து. செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் தென்மேற்குக் காற்று நேராக முகத்தில் வந்து அறைகிற சாலை அது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை, அந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதும் சும்மா இல்லை. சரி, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே காற்று 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது என்றால், உங்கள் உடம்பில் மோதுவது 45 கிலோமீட்டர் காற்று. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் காற்றே இல்லாத நாளைவிட அது ஐந்து மடங்கு. இந்தக் கூடுதல் பாரத்தைச் சாலையின் சரிவாக மாற்றிப் பார்த்தால், 100 மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 4 மீட்டர் ஏறுகிற மலைச்சாலைக்குச் சமம். பாவூர்சத்திரம் தாண்டித் தென்காசி வரைக்கும் நீங்கள் ஒரு மலையைத்தான் ஏறியிருக்கிறீர்கள் மதினி. அந்த மலை கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

இரண்டிலும் ஓட்டிப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், காற்றுதான் மோசம். அதற்கு உச்சி கிடையாது, எங்கே முடியும் என்று தெரியாது, காதுக்குள் இரைந்துகொண்டே இருக்கும், பக்கவாட்டில் லாரி கடக்கும்போது ஒரு நொடி நின்று அடுத்த நொடி இன்னும் பலமாக அடித்து ஹேண்டிலை ஆட்டிவிடும். மலை அப்படி இல்லை. வளைவு தெரியும், அடுத்த வளைவு தெரியும், எவ்வளவு மிதித்தாயோ அவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கீழே திரும்பிப் பார்த்தால் தெரியும். மிதித்தது எதுவும் வீண்போகாது, இறங்கும்போது திரும்பக் கிடைத்துவிடும்.

கால் தெம்பு என்று எல்லாரும் சொல்வது பெரும்பாலும் கியர் விஷயம். உங்கள் சைக்கிளில் முன்னால் மூன்று பல்சக்கரம் இருக்கிறது, அதில் ஆகச் சின்னதை நீங்கள் தொட்டே இருக்கமாட்டீர்கள், நம் சமவெளிச் சாலையில் அதற்கு வேலையே இல்லை. அது மலைக்காக வைத்தது. இந்த மாதிரி சைக்கிளில் அதற்குப் பெரும்பாலும் 28 பல் இருக்கும், பின்னால் ஆகப் பெரியதற்கு 32. அதாவது பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றினாலும் பின்சக்கரம் ஒரு சுற்று முடிக்காது, வண்டி இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான் நகரும். நிமிடத்துக்கு 70 சுற்று சுற்றினால் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வரும். இவ்வளவு மெதுவாகவா என்று தோன்றும், ஆனால் அந்த வேகத்தில் முழங்காலில் வலி வராது, பக்கத்தில் வருகிறவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம், உடனே குறைத்துவிடுங்கள். சரிவு வந்தபிறகு கியரை மாற்றப் பார்த்தால் பாரத்தில் செயின் கடகடவென்று அடித்துக்கொண்டு இறங்காமல் நிற்கும், அதனால் ஏற்றம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பே, மிதி லேசாக இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும்.

இப்போது யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. ஒதுங்க இடமிருக்காது என்று பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுகிறோம், நீங்களும் அப்படித்தான், எனக்குத் தெரியும். சமவெளியில் அது எப்படியோ சமாளித்துக்கொள்ளும். மலையில் முடியாது. ஏறும்போது வேகம் குறைவு, உடம்பை ஆற்றக் காற்று இருக்காது, வியர்வை மூக்கு நுனியிலிருந்து ஹேண்டில்மேல் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் உள்ளே போகாவிட்டால் தலைவலி, கெண்டைக்கால் இழுப்பு, கண் இருட்டு என்று வரிசையாக வரும். வெறும் தண்ணீரை மட்டும் மடக் மடக்கென்று குடித்தாலும் ஆகாது, வியர்வையில் போன உப்பும் திரும்ப வர வேண்டும். நான் ஒரு பாட்டிலில் சாதாரணத் தண்ணீரும் இன்னொன்றில் உப்புப் போட்ட நீராகாரமோ எலுமிச்சைச் சாறோ வைத்துக்கொள்வேன். ஒதுங்குகிற இடத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்: எந்தப் பெட்ரோல் பங்க், எந்த ஹோட்டல், எந்தக் கோயில் என்று வழியில் மூன்று நான்கு இடத்தை மனதில் வைத்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும். கூச்சப்படாமல் கேளுங்கள். அப்புறம் சீட். சைக்கிளோடு வருகிற குறுகலான சீட் நமக்கு ஒத்துவராது, நம் இடுப்பெலும்பு அகலம். கொஞ்சம் அகலமான சீட்டை மாற்றி, அதன் முன்நுனி மேலே தூக்காமல் மட்டமாக வைத்துப் பாருங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வதுதான் சைக்கிள் என்று நினைத்து விட்டுவிட்ட பெண்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது ஆற்றாமையாக இருக்கும்.

சாப்பாட்டில் ஒரே விதிதான், பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை பாதி வாழைப்பழம், இல்லை ஒரு துண்டு கோவில்பட்டி கடலை மிட்டாய். கிளம்பும் முன் இட்லி. பிரானூர் பார்டர் பரோட்டா, கோழி எல்லாம் திரும்பி வரும்போது, போகும்போது தயவுசெய்து வேண்டாம்.

முதல் மலைக்கு எங்கே போவது? மாஞ்சோலைச் சாலை புலிகள் காப்பகத்துக்குள் போகிறது, வனத்துறை அனுமதி வேண்டும், அதை இப்போதைக்கு விடுங்கள். புளியரை வழியாக, எல்லை தாண்டிக் கேரளத்தில் இருக்கிற ஆரியங்காவுக்குப் போகலாம். செங்கோட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல், நேர் எதிரே மலை, எஸ் வளைவில் சாலை தூக்கும், கோட்டைவாசலில் கேரளம். உயரம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை, கணவாய் என்பதே தாழ்வான இடம்தானே, அந்தக் காற்று உள்ளே நுழைவதும் அந்த வழியாகத்தான். ஆரியங்காவில் இருந்து கழுதுருட்டி வழியாகத் தென்மலைக்கு இறங்கினால், திரும்பி ஏறுவதுதான் நீளமான ஏற்றம், உண்மையான பாடம் அங்கேதான். கழுதுருட்டியில் 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய பதிமூன்று கண் பாலம் சாலையோரமே நிற்கும், அங்கே இறங்கிப் பத்து நிமிடம் உட்காருங்கள். இந்த ஏற்றத்தில் ரயிலுக்கே பின்னால் இன்னொரு இஞ்சின் மாட்டித் தள்ளித்தான் ஏற்றியிருக்கிறார்கள், நாம் நின்று மூச்சு வாங்குவதில் ஒரு குறையும் இல்லை.

எனக்கு ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் கவனம் அதிகம். பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடேறும், பிடித்து விட்டு, பிடித்து விட்டு வர வேண்டும். வேகத்தை வளைவுக்குள் போன பிறகு குறைக்காதீர்கள், வளைவுக்கு முன்பே குறையுங்கள், கண் வளைவின் மறுமுனையில் இருக்கட்டும். வைக்கோல் லாரி எதிரே வந்தால் பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும், எஸ் வளைவில் அதற்கு முழுச் சாலையும் வேண்டும், அப்போது ஓரமாக நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொள்ளுங்கள். லாரிக்காரர்கள் பெரும்பாலும் பார்த்துத்தான் வருகிறார்கள், ஆனாலும் நீங்கள் நிற்பது தெரிய வேண்டும், மஞ்சள் ஜாக்கெட் கட்டாயம்.

இது பழகிவிட்டால் அடுத்தது பொன்முடி. குளத்தூப்புழா, மடத்தறை, பாலோடு, விதுரா என்று காட்டுவழியாகவே போய்ச் சேரலாம், 22 கொண்டை ஊசி வளைவு, உச்சி சுமார் 1,100 மீட்டர். அப்புறம் 200 கிலோமீட்டர் பி.ஆர்.எம். என்று ஒன்று இருக்கிறது, குறித்த நேரத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம், அதற்குக் கொடுக்கிற நேரம் பதின்மூன்றரை மணி நேரம், சாப்பாடு, டீ, பஞ்சர் எல்லாம் சேர்த்து. கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட முழுதாக வராது. அதில் முதலாவது, இரண்டாவது என்று யாருக்கும் பரிசு கிடையாது, நேரத்துக்குள் வந்தால் எல்லாரும் ஒன்றுதான். ஆடியில் தென்காசி வரை மிதித்த உங்களுக்கு இது எட்டாத தூரமே இல்லை.

இப்போது கேரளப் பக்கம் மழை, சாலை வழுக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் மழை. அதனால் தை மாதம் போகலாம், வெயிலும் தாழ்வாக இருக்கும். அதுவரைக்கும் இந்தக் காற்றை விடாதீர்கள், வாரம் ஒருமுறையாவது மேற்கே ஓட்டுங்கள், சின்னக் கியரில், பேச்சு திணறாமல். அண்ணன் காரில் பின்னால் வருகிறேன் என்று சொல்லும், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், நாம் இரண்டு பேரும் போவோம். செங்கோட்டையில் காலை ஐந்தரைக்கு நான் நிற்கிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை மட்டும் செய்யுங்கள். சைக்கிளின் பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் சுற்றி, முன்னால் அந்தச் சின்னப் பல்லுக்குச் செயின் இறங்குகிறதா என்று பாருங்கள். இவ்வளவு நாள் தொடாததால் கேபிள் துருப்பிடித்து இறுகியிருக்கலாம். இறங்காவிட்டால் சொல்லுங்கள், அடுத்த முறை வரும்போது புதுக் கேபிள் வாங்கி வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் நாத்தனார்