மாதிரிக் காசுகளுக்கென ஒதுக்கிய ஆண்டு: செயலாளரின் ஆண்டறிக்கை

மன்றத் தலைவர் அவர்களுக்கும் மூத்த சேகரிப்பாளர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, இவ்வாண்டுக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றைச் சுதந்திர இந்தியாவின் முதல் நாணயங்களுக்கும், அவை புழக்கத்துக்கு வருமுன் நாணயச்சாலையில் அடித்துப் பார்க்கப்பட்ட மாதிரிக் காசுகளுக்கும் ஒதுக்கினோம். சோழர் காசும் மராட்டியர் காசும் புழங்கிய தஞ்சை மண்ணில் இருந்துகொண்டு அணாக் காசைப் பேசுவானேன் என்று முதலில் கேட்ட உறுப்பினர்களே பின்னர் ஒரு கூட்டமும் தவறாமல் வந்தார்கள்.

1947 ஆகஸ்ட் 15 அன்று கொடி மாறியது, காசு மாறவில்லை. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைக்குப் பதில் அசோகர் தூணின் சிங்கங்களைத் தாங்கிய புதிய வரிசை 1950 ஆகஸ்ட் 15 அன்றுதான் வெளிவந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் ஓட்டைக் காலணாவை அடுத்துக் குதிரை பொறித்த காலணா வந்ததும் அப்போதுதான். இடைப்பட்ட மூன்றாண்டுகளில் எதை ஏற்றார்கள், எதைக் கைவிட்டார்கள் என்பதற்கு மாதிரிகளே சாட்சி. ரூபாய்த் தாளில் காந்தியடிகளின் உருவத்தை வைக்க எண்ணி வரைவுகளும் தயாரான பிறகு, சாரநாத் சிங்கங்களே போதும் என்று முடிவானதை ரிசர்வ் வங்கியே பதிவு செய்துள்ளது.

உலோகத்தில் உருவம் பிடிக்கும் செய்முறையை விளங்கிக்கொள்ளச் சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறைக்குச் சென்றோம். மெழுகில் பிடித்த உருவத்தைக் காட்டிய அவர், வார்ப்பு முடிந்ததும், மெழுகைச் சுற்றிப் பூசிய மண் அச்சான கருவை உடைத்துவிடுவதால் ஒரு கருவுக்கு ஒரு சிலைதான் என்றார். நாணய அச்சோ ஒரே உருவத்தை ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ள வேண்டும். சிங்கத்தின் பிடரி வரை உலோகம் ஏறுகிறதா, உருவம் விளிம்பைத் தாண்டி மேடாகி, அடுக்கினால் காசு ஆடுகிறதா என்பதெல்லாம் அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

முந்தைய ரூபாயில் புலி நின்ற இடத்தில் தானியக் கதிர் ஏறிய 1950ஆம் ஆண்டு ஒரு ரூபாயைப் பூதக்கண்ணாடியில் வைத்து, அது நெற்கதிரா கோதுமைக் கதிரா என்று ஒரு மாலை முழுவதும் பார்த்தோம். விறைத்து நிற்கும் நீண்ட கூர்களைக் கண்டபின், காவிரிக் கரையில் பிறந்த எவரும் அதை நெல் என்று சொல்ல முடியவில்லை. ஒரு மாதிரியிலாவது தலை சாய்ந்த நெற்கதிரை அடித்துப் பார்த்திருக்கலாகாதா என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை.

வருத்தமான செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1949 என்று பொறித்த மாதிரிக் காசு என நம்பி நம் உறுப்பினர் ஒருவர் பெருந்தொகை கொடுத்து வாங்கியது போலியாக அமைந்துவிட்டது. எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்ததும், சிங்கத்தின் மார்பில் ஊசிமுனை அளவுக் குழிகள் தெரிந்ததும், அது அச்சில் அடித்ததன்று, வார்த்தெடுத்தது என்பதைக் காட்டின. 1950ஆம் ஆண்டு ரூபாய் 11.66 கிராம் எடையுள்ள தூய நிக்கல், காந்தத்தில் ஒட்டும். மாதிரிகளை வேறு உலோகத்திலும் அடிப்பதுண்டு என்பதால், காந்தத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரிக் காசு என்று எது வந்தாலும், பணம் கைமாறுமுன் மன்றத்தில் மூவர் முன்னிலையில் எடைபோட்டுப் பார்ப்பதற்கான தீர்மானத்தையும், அதற்குத் துல்லியத் தராசு ஒன்று வாங்கும் செலவையும் பொதுக்குழு ஏற்றருள வேண்டுகிறேன்.

செயலாளர்