சான் அன்டோனியோவில் ஸ்பானிஷ் அயல்மொழியா? எங்கள் வீட்டுப்பள்ளிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்கும் நம் குழுவை நடத்தும் அன்பர்களுக்கு,

வணக்கம். அடுத்த பருவத்துக்கான அட்டவணையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை மதியம், கைவேலை வகுப்புக்கு அப்புறம் ஒரு மணி நேரம், 'அயல்மொழி: ஸ்பானிஷ்' என்று போட்டிருக்கிறீர்கள். நம் குழுவில் பாதிப் பிள்ளைகளுக்கு மேல் பாட்டி வீட்டில் புழங்குவதே அந்த மொழிதான், அது எப்படிங்க அயல்மொழி ஆகும்? நான் தமிழச்சி, என் கணவர் வீட்டார் தலைமுறை தலைமுறையாக இந்த டெக்சஸ் ஊரில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக்காரர்கள். அந்த வீட்டு மருமகள் என்ற உரிமையில் எழுதுகிறேன், கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமியார் படித்த காலத்தில் பள்ளியில் ஸ்பானிஷ் பேசினால் அடி விழும். ஆங்கிலம் தவிர வேறு மொழியில் பாடம் நடத்துவதையே குற்றமாக்கி 1918-இல் டெக்சஸ் போட்ட சட்டம் 1969-இல்தான் விலகியது. மேற்கே மார்ஃபா ஊரின் பிளாக்வெல் பள்ளியில் 1954-இல் பிள்ளைகளை விட்டே சீட்டுகளில் ஸ்பானிஷ் சொற்களை எழுதவைத்து, பெட்டியில் போட்டுப் புதைத்து, மொழிக்கே சாவுச் சடங்கு நடத்தினார்கள். (இப்போது அது தேசிய வரலாற்றுத் தலம், நம் ஊர் அலமோ கோட்டைக்கே திரும்பத் திரும்பப் போவதற்குப் பதில் ஒருமுறை அங்கே போகலாம்.) அடி வாங்கிய மாமியார் தன் பிள்ளைகளிடம் ஆங்கிலமே பேசினார். விளைவு, என் கணவருக்கு ஸ்பானிஷ் காதில் ஏறும், வாயில் வராது. பேரப்பிள்ளைகளிடம்தான் மாமியார் மனம்விட்டு ஸ்பானிஷில் பேசுகிறார்.

இந்தப் பிள்ளைகளுக்குப் போய் சிவப்பு, நீலம், ஒன்று, இரண்டு என்று ஆரம்பிக்கும் பயிற்சிப் புத்தகமா? கொஞ்சம் தாண்டினால் ஸ்பெயினில் மட்டும் புழங்கும் 'வொசோத்ரோஸ்' (நீங்கள்) வினைகள் வேறு, இங்கே யார் அதைப் பேசுகிறார்கள்? இவர்கள் தடுக்கி விழுவது எழுத்தில். பி-யும் வி-யும் ஒரே மாதிரி ஒலிக்கும், ஹெச் ஒலிக்கவே ஒலிக்காது, காதால் மட்டும் மொழி பிடித்த பிள்ளை பசுவைக் குறிக்கும் சொல்லை பி-யில் தொடங்குவதா வி-யில் தொடங்குவதா என்று முழிக்கும். அதைச் சொல்லிக்கொடுங்கள்.

மற்றதைப் பாட்டிகள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் லோத்தேரியா என்ற மெக்சிகோ படச்சீட்டு ஆட்டம் ஆடுவதை வந்து பாருங்கள். மொத்தம் 54 சீட்டு, ஆளுக்கொரு படப்பலகை, காய்க்குப் பதில் பீன்ஸ். சீட்டை எடுத்ததும் மாமியார் 'சேவல்' என்று சொல்லமாட்டார். சான் பெத்ரோவுக்குக் (புனித பேதுருவுக்குக்) கூவியவன் இனிக் கூவமாட்டான் என்று ராகம் போடுவார். விவிலியக் கதை தெரிந்த பிள்ளை சட்டென்று பீன்ஸ் வைக்கும், தெரியாதது பக்கத்துப் பலகையை எட்டிப் பார்க்கும், உடனே சண்டை, அந்தச் சண்டையும் ஸ்பானிஷில்தான்!

சட்டம் இடிக்கும் என்று சொல்லாதீர்கள். வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளியே என்று லீப்பர் வழக்கில் மாநில உச்ச நீதிமன்றம் 1994-இல் உறுதி செய்துவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் நம் கையில். அப்படியிருக்க, வரலாற்று வகுப்பை ஏன் ஸ்பானிஷில் நடத்தக்கூடாது? டெக்சஸ் விடுதலைப் போரில் மெக்சிகோ படை வளைத்த அலமோவிலிருந்து உதவி கேட்டுத் தூது போன டெக்சஸ் வீரர் ஹுவான் செகின், பிறகு இதே ஊருக்கு மேயராகி, 1842-இல் துரோகிப் பட்டம் சுமந்து மெக்சிகோவுக்கு ஓட வேண்டிவந்த கதையை, போன வருட அலமோ சுற்றுலாவில் ஒருவரும் வாயே திறந்து சொல்லவில்லை.

சரி, நான் கேட்பது இதுதான்: அட்டவணையில் 'அயல்மொழி' என்பதை அடித்துவிடுங்கள், வெள்ளிக்கிழமை காலை முழுவதையும் ஸ்பானிஷுக்குக் கொடுங்கள், மொழி புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு அந்த மதிய வகுப்பு அப்படியே இருக்கட்டும். என் மாமியாரும் அவர் தோழிகள் சிலரும் வரத் தயார். சம்பளம் வேண்டாம், முதுகு சாய நாற்காலி வேண்டுமாம். அட்டவணை அச்சுக்குப் போகுமுன் பதில் சொல்லுங்கள்.